மந்தை யாருக்குச் சொந்தம்? கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயர்-மந்தை உருவகம் குறித்து

1. கேள்வி

1906 பிப்ரவரி 11 அன்று திருத்தந்தை பத்தாம் பயஸ் பிரெஞ்சு மக்களுக்கு 'வெஹெமெந்தர் நோஸ்' என்ற சுற்றுமடலை எழுதினார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பிரெஞ்சு நாடாளுமன்றம் திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. கோயில் சொத்துகளை நிர்வகிக்கும் பொறுப்பு வழிபாட்டுச் சங்கங்களின் கைக்குப் போவதற்கு அச்சட்டம் வழிவகுத்தது. அதைக் கண்டிக்கும்போது பயஸ் திருச்சபையின் அமைப்பையே வரையறுத்துவிட்டார். திருச்சபை இயல்பிலேயே சமமற்றவர்களின் சமூகம். அதில் மேய்ப்பர், மந்தை என்று இரண்டே வகையினர் உண்டு. வழிநடத்தும் உரிமை முதல் வகையினருக்கே உரியது. எஞ்சிய பெருந்திரளுக்கு இருக்கும் ஒரே கடமை, சாதுவான மந்தையைப்போல் பின்தொடர்வது. இதுதான் அந்தப் பத்தியின் சாரம்.

ஆயர்-மந்தை உருவகம் இவ்வளவு அப்பட்டமான ஆட்சிக் கோட்பாடாக வேறு எந்தத் திருத்தந்தை ஆவணத்திலும் வடிக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. இந்த வாசிப்பு விவிலியத்திலிருந்து இயல்பாகப் பிறந்ததா, அதன்மேல் ஏற்றப்பட்டதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு இன்று இரண்டு பதில்கள் பரவலாக உள்ளன. உருவகமே பழுதானது என்கிறது ஒன்று. மிஷேல் ஃபூக்கோ 1978இல் கொலேஜ் த ஃபிரான்ஸில் நிகழ்த்திய விரிவுரைகளில் 'மேய்ப்பு அதிகாரம்' என்று ஒன்றை அடையாளம் காட்டினார். ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியே அறிந்து, அதன் உள்ளத்தையும் கண்காணித்து, முழுக் கீழ்ப்படிதலைக் கோரும் அந்த அதிகாரத்தைக் கிறித்தவமே மேற்குலகில் நிறுவனமாக வளர்த்தது என்பது அவர் வாதம். இரண்டாவது பதில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தையது: 'இறைமக்கள்' என்ற கருத்து வந்துவிட்ட பிறகு மந்தைப் பேச்சு பழைய காலத்தின் மிச்சம், அதை வழிபாட்டுப் பாடல்களோடு நிறுத்திக்கொள்வோம் என்பது.

இரண்டுமே மூல நூல்களை அவசரமாகக் கடந்துபோகின்றன. விவிலியத்தில் இந்த உருவகம் பெரும்பாலும் மேய்ப்பரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சாகவே வருகிறது. மந்தைக்குள் இருக்கும் வலிய ஆடுகளையும் அது விட்டுவைக்கவில்லை. இந்த இரண்டாவது குற்றச்சாட்டு ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. நம் மண்ணில் அதற்கு வேலை மிகுதி.

2. எசேக்கியேல் 34: இரண்டு வழக்குகள்

பண்டைய மேற்காசியாவில் 'மேய்ப்பன்' என்பது அரசனின் பட்டம். ஹம்முராபி தன் சட்டத் தொகுப்பின் முன்னுரையில் தன்னை மேய்ப்பன் என்றே அழைத்துக்கொள்கிறான். அரசன் தனக்குத் தானே சூட்டிய அந்தப் பட்டத்தை இஸ்ரயேலின் இறைவாக்கினர்கள் அவன்மீதே திருப்பினார்கள். எரேமியா அதைச் செய்தார். எசேக்கியேல் இன்னும் விரிவாகச் செய்தார்.

எசேக்கியேல் கி.மு. 597இல் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட குரு. நூலின் 33ஆம் அதிகாரத்தில்தான் எருசலேம் வீழ்ந்த செய்தியைத் தப்பிவந்த ஒருவர் கொண்டுவருகிறார். 34ஆம் அதிகாரம் உடனே தொடங்குகிறது. நாடு அழிந்தது யாரால் என்ற கேள்வி எல்லார் மனதிலும் கனன்றுகொண்டிருந்த நேரத்தில் அவர் மேய்ப்பர்களைக் கைநீட்டிக் காட்டுகிறார். கொழுப்பை உண்டார்கள், கம்பளியை உடுத்தார்கள், கொழுத்ததை அடித்தார்கள். மேய்க்க மட்டும் இல்லை. பிறகு செய்யாத வேலைகளின் பட்டியல் வருகிறது: நலிந்ததைத் தேற்றவில்லை, பிணியுற்றதைக் குணப்படுத்தவில்லை, காயத்துக்குக் கட்டுப் போடவில்லை, விலகிப்போனதைத் திருப்பிக்கொண்டுவரவில்லை, தொலைந்ததைத் தேடவில்லை. தீர்ப்பு அடுத்தே வருகிறது: மேய்ப்பர்கள் பதவி நீக்கப்படுகிறார்கள், ஆடுகளை இறைவனே தேடிப் போகிறார். இந்தப் பகுதி முழுவதிலும் மந்தைக்கு என்று ஒரு கட்டளைகூட இல்லை. 'கீழ்ப்படி' என்ற பேச்சே எழவில்லை.

பதினேழாம் வசனத்தில் வழக்கு திசை திரும்புகிறது. இப்போது விசாரணை ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே. நல்ல மேய்ச்சலில் மேய்ந்துவிட்டு மிச்சப் புல்லைக் காலால் மிதித்தது யார்? தெளிந்த நீரைக் குடித்துவிட்டு எஞ்சியதைக் கலக்கியது யார்? விலாவாலும் தோளாலும் இடித்து, நலிந்தவற்றைக் கொம்பால் முட்டிச் சிதறடித்தது யார்? கிடை மறிப்பவர்கள் யாரும் இந்தக் காட்சியை அறிவார்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கிடாய்கள் முதலில் பாயும். நொண்டியும் சினையாடும் போய்ச் சேரும்போது தொட்டியில் இருப்பது சேறு. மந்தை என்பது வேறுபாடற்ற ஒரே திரள் என்ற எண்ணத்தை, உருவகத்தின் ஊற்றிலேயே எசேக்கியேல் உடைத்துவிடுகிறார்.

பிற்கால மேய்ப்புப்பணி இலக்கியம் முதல் பாதியை ஏராளமாகப் பயன்படுத்தியது. இரண்டாம் பாதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

3. புதிய ஏற்பாடு: கேள்வி கேட்ட ஆடு

யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தைத் தனியாக எடுத்து வாசிப்பது நம் வழக்கம். நல்லாயன் ஞாயிறு என்று அழைக்கப்படும் பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு வழிபாட்டில் அப்படித்தான் வாசிக்கிறோம். நற்செய்தியாளரோ ஒன்பதாம் அதிகாரத்துக்கும் பத்தாம் அதிகாரத்துக்கும் இடையே இடைவெளி விடவில்லை. ஒன்பதில் பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவர் பார்வை பெறுகிறார். சமயத் தலைவர்கள் அவரை இருமுறை விசாரிக்கிறார்கள். அவருடைய பெற்றோர் அஞ்சி ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவரோ, சொன்னதையே ஏன் மீண்டும் கேட்கிறீர்கள், நீங்களும் அவருடைய சீடராக விரும்புகிறீர்களா என்று திருப்பிக் கேட்கிறார். வெளியே தள்ளப்படுகிறார். அந்தத் தலைவர்களிடம்தான் இயேசு மேய்ப்பனையும் கூலியாளையும் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

ஆக, மேய்ப்பனின் குரலை அறிந்துகொள்ளும் ஆடு எது என்பதற்கு யோவான் முன்கூட்டியே நமக்கு ஓர் ஆளைக் காட்டிவிட்டார். சமய அதிகாரத்தின் முன் வாயடைக்காமல் நின்ற மனிதர் அவர். ஆடுகள் அந்நியரின் குரலைக் கேட்டு ஓடிவிடும் என்ற வரியும் இதோடு சேர்கிறது. பகுத்தறியத் தெரியாத ஆட்டால் குரலையும் குரலையும் பிரித்தறிய முடியாது. பத்தாம் பயஸ் சொன்ன சாதுவான மந்தையை இந்த அதிகாரத்தில் தேடினால் கிடைக்காது.

எதிர்ச்சான்றுகளை மறைக்கக் கூடாது. பேதுருவின் முதல் திருமுகம் மூப்பர்களை நோக்கி, ஊதியத்துக்காக வேண்டாம், அடக்கி ஆளவும் வேண்டாம், மந்தைக்கு முன்மாதிரியாக இருங்கள் என்கிறது. இரண்டு வசனம் தள்ளி இளைஞர்கள் மூப்பர்களுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்கிறது. எபிரேயர் திருமுகம் தலைவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. கீழ்ப்படிதலுக்குத் தொடக்கத் திருச்சபையில் இடமே இல்லை என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் மந்தை உருவகம் வரும் இடங்களில் பேச்சு யாரைப் பார்த்து நிகழ்கிறது என்று கவனித்தால் எடை மேய்ப்பரின் பக்கமே சாய்கிறது. காணாமற்போன ஆட்டின் உவமையும் லூக்காவில் பரிசேயரைப் பார்த்தே சொல்லப்படுகிறது. மத்தேயுவில் சீடர்களைப் பார்த்து, சிறியோரில் ஒருவரையும் இழிவாக எண்ணாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு.

யோவான் 21இல் பேதுருவிடம் ஆடுகள் ஒப்படைக்கப்படும் காட்சியைத் திருத்தந்தையின் தலைமைக்கு ஆதாரமாகக் கத்தோலிக்க மரபு கொள்கிறது. மும்முறை மறுதலித்தவரிடம் மும்முறை அன்பைக் கேட்டபிறகே அந்தப் பொறுப்பு வருகிறது. ஆடுகள் 'என்னுடையவை' என்பதை இயேசு கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. புனித அகுஸ்தீன் இந்த இடத்தில் நின்று நெடுநேரம் பேசுகிறார்: பேதுரு மேய்க்க வேண்டியது கிறிஸ்துவின் ஆடுகளை, தன்னுடையவற்றை அல்ல.

4. ஓவியத்தில் நடந்த மாற்றம்

ஆவணங்கள் சொல்லாததைச் சுவர்கள் சில நேரம் சொல்லும். சிரியாவின் தூரா-யூரோப்போஸ் நகரில் மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய வீட்டுத் திருக்கோயில் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. திருமுழுக்குத் தொட்டிக்கு மேல் ஓர் ஆட்டைத் தோளில் சுமந்த மேய்ப்பன், எதிரே அவன் மந்தை. உரோமையின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையிலும் அதே உருவம், உழைப்பாளி உடுத்தும் குட்டை அங்கியில். அங்கே அவன் தோளில் இருப்பது செம்மறி அல்ல, வெள்ளாடு. இறுதித் தீர்ப்பு உவமையில் இடப்பக்கம் ஒதுக்கப்படும் வெள்ளாட்டையும் அவன் தூக்கிக்கொண்டு வருகிறான். வரைந்தவர் இதை வேண்டுமென்றே செய்தாரா, பழைய கிரேக்க-உரோமை மேய்ப்பன் சிற்பங்களைப் பின்பற்றினாரா என்பதில் இரண்டு கருத்துக்கும் இடமுண்டு. ஆனால் அக்காலத்துக் கிறித்தவர்களுக்கே அந்தப் படம் மன்னிப்பின் அடையாளமாக இருந்தது உறுதி. கடும் பாவிகளுக்கும் மன்னிப்பு உண்டு என்போரை எதிர்த்து எழுதிய தெர்த்துல்லியன், அவர்களுடைய கிண்ணத்தில் தீட்டியிருந்த மேய்ப்பனையும் சேர்த்தே சாடினார்.

இரண்டு நூற்றாண்டு கழித்து இத்தாலியின் ரவென்னாவில், கல்லா பிளாசிதியா கல்லறை மண்டபத்தின் வாசலுக்கு மேல் இருக்கும் மொசைக்கைப் பார்த்தால் அதே மேய்ப்பன் அடையாளமே தெரியாமல் மாறியிருக்கிறான். பொன் அங்கி, ஊதா மேலாடை, தலையைச் சுற்றிப் பொன் ஒளிவட்டம். கையில் கோலுக்குப் பதிலாக நெடிய பொற்சிலுவை. இருபுறமும் மும்மூன்று ஆடுகள் ஒழுங்காக நின்று அவனை நோக்குகின்றன. ஓர் ஆட்டின் முகத்தை அவன் கை தொடுகிறது. தோளில் எதுவும் இல்லை. அழகில் ஈடற்ற படைப்பு அது. ஆனால் பேரரசின் சமயமாகிவிட்ட ஒரு திருச்சபை தன் மேய்ப்பனுக்கு அரச உடையை அணிவித்துவிட்டது. இறைவாக்கினர்கள் அரசனிடமிருந்து பறித்த பட்டம் சுற்றி வளைத்து அரியணைக்கே திரும்பிப்போனதை அங்கே கண்ணால் காணலாம்.

தோளின் நினைவை வழிபாடு வேறு வகையில் காப்பாற்றியது. பேராயர்கள் தோளில் அணியும் பாலியம் ஆட்டுக் கம்பளியால் நெய்யப்படுவது. சனவரி 21, புனித ஆக்னஸ் நாளில் இரண்டு செம்மறிக் குட்டிகள் ஆசீர்வதிக்கப்படும் வழக்கம் அதோடு தொடர்புடையது. ஆடையே ஆடு; அணிபவர் அதைச் சுமக்கிறார்.

5. கணக்கு யாரிடம்?

மந்தையின் உரிமை பற்றித் தொடக்க நூற்றாண்டுகளில் தெளிவான ஒரு வழக்கு உண்டு. 250இல் தேசியுஸ் பேரரசனின் துன்புறுத்தலின்போது ஸ்பெயினின் ஆயர்கள் இருவர், பசிலிதெஸும் மார்சியாலிஸும், சிலை வழிபாடு செய்ததாகச் சான்றிதழ் பெற்று உயிர் தப்பினர். மக்கள் அவர்களை ஏற்க மறுத்தனர்; வேறு இருவர் ஆயராயினர். பசிலிதெஸ் உரோமைக்குச் சென்று ஆயர் ஸ்தேவானிடம் தன் பதவியை உறுதிசெய்துகொண்டார். மக்கள் கார்த்தேஜுக்கு எழுதினர். 254 வாக்கில் அந்நகரின் ஆயர் சிப்பிரியான் தலைமையில் கூடிய 37 ஆப்பிரிக்க ஆயர்கள் மக்களின் பக்கம் நின்றார்கள். தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்கவும் தகாதவரை விலக்கவும் மக்களுக்கு அதிகாரம் உண்டு என்று அவர்களின் மடல் கூறுகிறது. குற்றம் செய்த ஆயரோடு உறவு வைத்தால் மக்களும் அந்தக் குற்றத்தில் பங்காளிகள் என்றும் எச்சரிக்கிறது.

அகுஸ்தீனிடம் நிலைப்பாடு மாறுகிறது. எசேக்கியேல் 34ஐ விளக்கும் அவருடைய 46, 47ஆம் மறையுரைகள் மேய்ப்பர்களை இரக்கமின்றிச் சோதிக்கின்றன. முதலாவது இன்றும் திருப்புகழ்மாலையின் வாசகப் பகுதியில் ஆண்டுதோறும் பல நாள்களுக்குத் தொடர்ந்து வாசிக்கப்படுகிறது. ஆனால் கெட்ட மேய்ப்பரின் கீழ் இருக்கும் மந்தை என்ன செய்ய வேண்டும் என்று வரும்போது, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், செய்வதைச் செய்யாதீர்கள் என்ற மத்தேயு நற்செய்தியின் வழியை அவர் காட்டுகிறார். அருள்பணியாளரின் தூய்மையைக் காரணம் காட்டிப் பிரிந்த தொனாத்தியருடன் அவர் போராடிக்கொண்டிருந்தார்; ஒற்றுமை அவருக்கு உயிர்ப் பிரச்சினை. அவரைக் குறைசொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் சிப்பிரியானின் மக்கள் கையில் வைத்திருந்த ஒன்று இங்கே நழுவிவிட்டது.

ஃபூக்கோவின் வாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இங்கேதான் பொருந்துகிறது. மேய்ப்பர் ஒவ்வோர் ஆட்டுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். அந்தக் கணக்கு கடவுளிடம் மட்டுமே ஒப்படைக்கப்படுவதால் மேய்ப்பரின் பிடி தளர்வதில்லை, இறுகுகிறது. உன் ஆன்மாவுக்கு நான் பொறுப்பு; ஆகவே உன்னைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அது வளர்கிறது. விசாரணை நடக்கும் அவையில் ஆட்டுக்கு இடமில்லை. இடைக்கால, நவீன காலத் திருச்சபையைப் பொறுத்தவரை இந்த விவரிப்பை மறுப்பது கடினம். திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் 1302இல் பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப்புடன் மோதியபோது வெளியிட்ட 'ஊனம் சாங்தம்' ஆணையில், பேதுருவிடம் ஆடுகள் பொதுவாக ஒப்படைக்கப்பட்டன, ஆகவே தான் பேதுருவுக்கு உட்பட்டவன் அல்லன் என்பவன் கிறிஸ்துவின் ஆடே அல்லன் என்று வாதிடப்பட்டது. ஃபூக்கோ கணக்கில் கொள்ளாதது எசேக்கியேலின் பகிரங்கத்தை. அந்த இறைவாக்கினர் மேய்ப்பர்களின் குற்றப் பட்டியலை மந்தையின் காதுபட வாசித்தார்.

6. சங்கத்துக்குப் பின்

1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்ற திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம் மந்தை உருவகத்தைக் கைவிடவில்லை. கிறிஸ்துவை வாயிலாகக் கொண்ட ஆட்டுப்பட்டி என்று, வயல், கட்டடம், தாய், மணமகள் முதலிய உருவகங்களின் வரிசையில் அதற்கு முதலிடம் தந்தது. மாற்றம் அதிகாரங்களின் அடுக்கில் நிகழ்ந்தது. இறைமக்களைப் பற்றிய அதிகாரம் ஆட்சியமைப்பைப் பற்றிய அதிகாரத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது. ஆயரும் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் என்பது இதன் பொருள். இறைமக்கள் முழுமைக்கும் விசுவாச உணர்வு உண்டு என்றும் அந்த ஆவணம் ஏற்றது. 1859இல் ஜான் ஹென்றி நியூமன், நான்காம் நூற்றாண்டில் ஆயர்கள் பலர் தடுமாறியபோது பொதுமக்களே விசுவாசத்தைக் காத்தனர் என்று எழுதியதற்காக உரோமையின் சந்தேகத்துக்கு ஆளானார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே சிந்தனை சங்க ஏட்டில் ஏறியது.

சட்டம் பாதி தூரம்தான் வந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் சட்டம், திருச்சபையின் நலன் பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல மக்களுக்கு உரிமையும் சில வேளைகளில் கடமையும் உண்டு என்கிறது. 536ஆம் சட்டம் பங்கு மேய்ப்புப்பணிப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு என்கிறது. கேட்கலாம், கேட்டுவிட்டு ஒதுக்கலாம்.

அதன் விலை என்ன என்பதை 2002இல் பாஸ்டன் காட்டியது. சிறார்மீது பாலியல் குற்றம் புரிந்த அருள்பணியாளர்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றியே வந்தது வெளிப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். நீண்ட காலத்துக்குப் பின் வந்த பதில் ஒன்றின் பெயர் கவனிக்கத் தக்கது. திருச்சபையின் தண்டனைச் சட்டங்களைத் திருத்தி 2021 மே 23 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்ட திருத்தூது ஆணைக்கு, கடவுளின் மந்தையை மேய்க்கச் சொல்லும் பேதுருவின் சொற்களே தலைப்பு. சிறார்மீதான பாலியல் குற்றங்கள் மனித மாண்புக்கு எதிரானவை என்ற தலைப்பின்கீழ் இடம் மாறின. கடமையில் அலட்சியம் காட்டும் பொறுப்பாளருக்கும் தண்டனை உண்டு. மந்தை உருவகம் மேய்ப்பருக்கு எதிரான சட்டத்தின் நெற்றியில் ஏறியது எசேக்கியேலின் வாசிப்பு திரும்பிவருவதன் அறிகுறி என்றே கருதுகிறேன்.

7. வலிய ஆடுகள்: வடக்கன்குளம்

இதுவரை சொன்னதைக் கொண்டு, மந்தைக்கு உரிமை தந்தால் போதும் என்று முடித்துவிடலாம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் அப்படி முடிக்க விடாது.

அவ்வூரின் திருக்குடும்ப ஆலயம் 1872இல் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் விரியும்படி கட்டப்பட்டது. ஒரு கூடம் வெள்ளாளருக்கு, மற்றது நாடாருக்கு. பீடத்தில் நிற்கும் குருவால் இரு பக்கத்தாரையும் பார்க்க முடியும். அவர்கள் ஒருவரோடொருவர் சேராதிருக்கச் சுவர் நின்றது. மந்தைக்குள்ளிருந்த பிளவைச் செங்கல்லில் எழுப்பியவர்களும் மேய்ப்பர்களே. 1910இல் சேசு சபைக் குரு கௌசானல் அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளாளக் கத்தோலிக்கர் தங்கள் வழக்காற்று உரிமை பறிக்கப்பட்டதாக நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றும் அவர்கள் கோரிய தனி இடத்துக்கான உரிமை கிடைக்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

பத்தாம் பயஸின் சுற்றுமடல் வந்து நான்கே ஆண்டுகளில் நடந்தது இது. மேய்ப்பர்-மந்தை எதிர்வை மட்டும் வைத்துப் படித்தால் இந்த வழக்கில், தன்னிச்சையாகச் செயல்பட்ட குருவும் உரிமை கேட்ட மக்களுமே தெரிவார்கள். எசேக்கியேலின் பதினேழாம் வசனத்தோடு சேர்த்துப் படித்தால்தான் விலாவும் தோளும் கண்ணில் படும்.

சாதி வழக்கு அந்தச் சுவரோடு முடியவில்லை. தலித் கத்தோலிக்கருக்குத் தனிக் கல்லறை, தேர் நுழையாத தெரு என்று அது நீண்டது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தனர். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. 2022இல்தான் ஐதராபாத் பேராயர் அந்தோனி பூலா தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலானார். இந்தத் தாமதத்தை வைத்துப் பார்க்கும்போது, மேய்ப்பர்மேல் ஆட்டு வாடை வீச வேண்டும் என்று 2013 மார்ச் 28 அன்று புனித எண்ணெய்த் திருப்பலியில் பிரான்சிஸ் சொன்ன புகழ்பெற்ற கருத்திடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது: எந்த ஆட்டின் வாடை? தொட்டியருகே எப்போதும் நிற்கும் ஆடுகளின் வாடை எந்த முயற்சியும் இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். அதே ஆண்டு நவம்பரில் வந்த 'நற்செய்தியின் மகிழ்ச்சி' ஊக்கவுரையில், ஆயர் சில வேளைகளில் மந்தையின் பின்னால் நடக்க வேண்டும் என்று அவர் எழுதினார். பின்தங்கியவர்களுக்குத் துணையாக இருப்பது அதற்கு ஒரு காரணம். புதிய வழிகளை மோப்பம் பிடிக்கும் திறன் மந்தைக்கே உண்டு என்பது இன்னொன்று. முதல் காரணம் இரண்டாவதைவிட இங்கே நமக்கு அவசரமானது.

8. இனி

2021 முதல் 2024வரை நடந்த கூட்டியக்க மாமன்றத்தின் இறுதி ஆவணம் 2024 அக்டோபர் 26 அன்று நிறைவேறியது. பிரான்சிஸ் தனி ஊக்கவுரை எழுதாமல் அதையே வெளியிட ஒப்புதல் அளித்தார். பொறுப்புக்கூறல் கீழிருந்து மேலே மட்டும் போவதல்ல என்பதை அது ஏற்கிறது. ஆண்டு நிதி அறிக்கை, பணிகள் குறித்த ஆண்டறிக்கை, திருச்சபையில் பொறுப்பு வகிக்கும் அனைவரின் பணிக்கும் காலமுறை மதிப்பீடு ஆகியவற்றைக் கேட்கிறது. சிப்பிரியானுக்குப் பின் நழுவியதை மீட்கும் முயற்சி இது. கணக்கு மந்தையின் காதுபட வாசிக்கப்படும் வாய்ப்பு.

தமிழக மறைமாவட்டங்கள் இந்த ஆண்டறிக்கையை எழுதத் தொடங்கினால் அதில் எசேக்கியேலின் இரண்டாம் வழக்குக்கும் ஒரு பக்கம் வேண்டும். எந்தப் பங்கில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் உள்ளன, எந்தத் தெருவுக்குள் திருவிழாத் தேர் போவதில்லை, பங்குப் பேரவையில் யார் அமர்கிறார்கள், யார் ஒருமுறைகூட அமர்ந்ததில்லை என்பதை ஊர் பெயரோடு அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதியதை ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதே கோயிலில், அதே மக்கள் முன் பங்குத்தந்தை வாசிக்க வேண்டும்.